மாமியாரை மறைச்ச கேமரா

இன்னா நைனா, பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில பேரம் பேசி பெண்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் கேமரா வாங்கியாந்துட்டியாமே! 1964ல வந்த மாடல், உங்கப்பனுக்கே மூத்தது. மரியாதையாப் புடி.

கோவிலம்பாக்கம் பூரா உன் பேச்சுதான். வளைகாப்புல ஃப்ளாஷ் போட்டு நீ எடுத்த படத்துல பொண்ணு பளிச்சுன்னு இருக்குதாம், பக்கத்துல நின்ன மாமியார் மேல கரி பூசினாப்புல இருட்டாம். பொண்ணு தனியா ஏதாச்சும் கவனிச்சுதா?

ஷட்டர் வேக டயலை 125ல, அதாவது நொடியில 125ல ஒரு பங்குல, வெச்சிருப்பே. நல்லவேளை, 500ல வெச்சிருந்தா ஒரு கை வளையல்தான் மிஞ்சியிருக்கும்.

உன் கேமராவுக்குள்ள ரெண்டு துணித் திரை இருக்குது. ஒண்ணு தொறந்துகிட்டே ஓடும், இன்னொண்ணு மூடிகிட்டே பின்னாடி வரும். 60ல வெச்சா, முதல் திரை முழுசாப் போய்ச் சேர்ந்தப்புறம்தான் ரெண்டாவது கெளம்பும். நடுவுல ஃபிலிம் மொத்தமும் தொறந்திருக்கிற அந்தக் கணத்துல ஃப்ளாஷ் அடிக்கணும். 125ல பாதி தொறக்கறதுக்குள்ளயே மூடுறவன் கெளம்பிடுறான். கோயில்ல பாதித் திரைக்குள்ள கற்பூரம் காட்டினா சாமியும் பாதிதானே தெரியும்?

வேகமா வெச்சா ஆட்டம் தெரியாதுன்னு கணக்குப் போட்டிருப்பே, புத்திசாலி. எலக்ட்ரானிக் ஃப்ளாஷ் ஆயிரத்துல ஒரு பங்கு நொடிக்குள்ளயே அடிச்சு ஓஞ்சுடும். மண்டபத்து இருட்டுல ஆட்டத்தை நிறுத்துறதே அதுதான். அந்த வெளிச்சத்தைக் கூட்டக் குறைக்க தூரத்தையும் அப்பெர்ச்சரையும் பாரு, டயலைத் திருகாதே.

ஸ்டுடியோக்காருங்க யாஷிகா மேட்டுல 500லயும் ஃப்ளாஷ் அடிச்சாங்களேன்னு எதிர்த்துப் பேசாதே. அதுல ஷட்டர் லென்ஸுக்குள்ளயே இருக்குது, எந்த வேகத்துலயும் முழுசாத் தொறந்துட்டுத்தான் மூடும். நிக்கான் எஃப்எம்2ல உலோகத் தகடு, 36 மில்லிமீட்டர் குறுக்கால ஓடாம 24 மில்லிமீட்டர் மேலருந்து கீழ எறங்கும். அதான் பின்னால வந்ததுல 250 வரைக்கும் தாங்குச்சு. உனக்கு 60, அதுக்குக் கீழ. அவ்ளோதான்.

இன்னொண்ணு. ஒயர் சொருக ரெண்டு ஓட்டை இருக்கும். எஃப்பின்னு போட்டது பழைய ஃப்ளாஷ் பல்புக்கு. மெதுவாப் பத்துற ஜாதி அது, அதனால முன்கூட்டியே உசுப்பிவிடும். உன் ஃப்ளாஷை அதுல சொருகினா திரை தொறக்கறதுக்குள்ள வெளிச்சம் ஓஞ்சுடும், மாமியாரோட மருமகளும் இருட்டுதான். எக்ஸ்னு போட்டதுல சொருகு.

அடுத்த விசேஷத்துக்கு முன்னால, ஃபிலிம் போடாம பின்கதவைத் தொற. ஃப்ளாஷை வெள்ளைச் சுவத்துல அடிச்சு, பின்னாடியிருந்து பாரு. முழுச் செவ்வகமா மின்னினா கெளம்பு. பாதி மின்னினா டயலைப் பாரு. ஒண்ணுமே மின்னலையா? ஒயரை அப்புறம் பார்க்கலாம், முதல்ல லென்ஸ் மூடியைக் கழட்டு.