கோலிகுண்டுக்கு ஏன்லே இத்தனை ஆர்ப்பாட்டம்?

ஏலே பேராண்டி, கோலிசோடாவைக் கையில பிடிச்சுக்கிட்டு எத்தனை படம்லே எடுப்பே? முதல்ல குடி. கேஸு போயிட்டா அது வெறுந்தண்ணி.

லேபிள்ல 'அந்தக் கால நினைவுகள்'னு போட்டிருக்கானாம். அதனால வெலையும் கூடவாம். யாரோட நெனைவுலே? நீ பொறந்ததே பிளாஸ்டிக் பாட்டில் காலத்துல. ஒனக்கில்லாத ஞாபகத்தை ஒனக்கே விக்கான் பாரு, அவன்தான் கெட்டிக்காரன்.

ஹிராம் காட்னு ஒரு இங்கிலாந்துக்காரன் 1872-ல காப்புரிமை வாங்குன பாட்டில் அது. அழகுக்கா செஞ்சான்? கேஸு வெளிய போவப்படாது, அம்புட்டுத்தான். தலைகீழாக் கவுத்துத்தான் சோடா ஏத்துவாங்க. குண்டு கழுத்துக்கு எறங்கும். நிமித்துனாலும் உள்ள இருக்க கேஸே அதை ரப்பர் வளையத்தோட அமுக்கிப் பிடிச்சுக்கிடும். கழுத்துல ரெண்டு குழி இருக்கே, பாத்தியா? அதைக் கீழ்ப்பக்கமா வச்சுச் சாய்ச்சா குண்டு அதுல ஒக்காந்துக்கிடும். நீ மேல வச்சுச் சாய்க்கே. பெறவு சோடா வரலைங்கே!

அந்தப் பாட்டிலுக்கு இன்னொரு சோலியும் இருந்துச்சு. கூட்டத்துல ரகளைன்னா மொதல்ல பறக்கது சோடா பாட்டில்தான். அந்த ஞாபகத்தை மட்டும் எவனும் லேபிள்ல போடக் காணோம்.

பழசை விக்கதுல பெரிய கம்பெனி கூத்தைக் கேளு. 1985-ல அமெரிக்காவுல கொக்கோ கோலாக்காரன் ருசியை மாத்துனான். சனம் சண்டைக்கு வந்துட்டு. 79 நாள்ல பழசையே திரும்பக் கொண்டாந்து 'கிளாசிக்'னு பேரு வச்சான். நேத்து வரைக்கும் சும்மா கோலா, ஒளிச்சு வச்சு எடுத்தா கிளாசிக்கா? இங்கயும் காம்பா கோலா மங்கிக் கெடந்துச்சு. 2022-ல ரிலையன்ஸ் வாங்கி, மறுவருசமே கடையில எறக்கிட்டு. குடிச்சவன் கண்ணு கலங்குதான். ருசிக்கா கலங்குதான்? தலையில முடி இருந்த காலத்தை நெனைச்சுல்லா கலங்குதான்!

1916-ல விருதுநகர்ல ஆரம்பிச்ச காளிமார்க் சோடாக் கம்பெனியைப் பாரு. அவுக போவோண்டோ செத்தும் பொழைக்கலை, ஒளிஞ்சும் வரலை. பொட்டிக்கடையில கேட்டா எடுத்துத் தாரான். ஆனா கேட்ட ஒடனே கெடைக்கதுக்கு ஒருத்தனும் அழமாட்டான், என்ன செய்ய?

பழசு மேல ஒனக்கு அம்புட்டு ஆசைன்னா ஒங்க ஆச்சிகிட்டப் போ. புளியும் கருப்பட்டியும் கரைச்சு, சுக்கு தட்டிப் போட்டு, பானக்காரம் தருவா. லேபிளும் கெடையாது, வெலையும் கெடையாது. குடிச்சுட்டுச் சொம்பை நீயே கழுவிக் கவுத்திரு.