இழுவையார்

கள்ளக்குறிச்சியில் எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும் இழுவையார் ஒருவர் இருப்பார். கட்சிக்கு ஒருவர், ஆனால் எல்லாரும் ஒரே அச்சு. தலைவர் ஆறு மணிக்கு மேடையேறுவார் என்று சுவரொட்டி சொல்லும். ஆறு மணிக்குத் தலைவர் திண்டிவனத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார். அவர் வரும்வரை கூட்டம் எழுந்துபோகாமல் பிடித்துவைப்பதுதான் இழுவையாரின் உத்தியோகம். சம்பளம் ஒரு சால்வை, ராத்திரி பரோட்டா, நோட்டீஸின் கடைசி வரியில் பெயர்.

மேடைக்குத் துண்டுச் சீட்டு வந்தபடி இருக்கும். 'உளுந்தூர்பேட்டை. இழுங்கண்ணே.' மாமியார் மருமகள் ஜோக்கை எடுப்பார். 'எலவனாசூர்கோட்டையில மாலை மரியாதை. இன்னும் கொஞ்சம் இழுங்கண்ணே.' எதிர்க்கட்சி நகரச் செயலாளரின் வழுக்கை வெளியே வரும். 'தியாகதுருகம். கல்யாண மண்டபத்துக்குள்ள போயிட்டாரு' என்று மூன்றாவது சீட்டும் வந்தால் சரக்கு தீர்ந்துபோகும். அப்போதுதான் வடக்கன் வருவான்.

பான்பராக் வாய், பானிபூரி வண்டி, டிக்கெட் எடுக்காத ரயில் பயணம். பத்து நிமிடம் விசில் பறக்கும். நடுவில் இந்தியும் பேசிக் காட்டுவார். அவருக்குத் தெரிந்த இந்தி 'கியா', 'அச்சா' இரண்டுதான். அந்த இரண்டை வைத்தே ஒரு குடும்பச் சண்டையை நடத்திவிடுவார்.

பானிபூரி அவர் கண்டுபிடித்ததல்ல. 2022 மே மாதம் கோவையில் பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா. மேடையில் ஆளுநர் ஆர்.என்.ரவி. இந்தி படித்தால் வேலை கிடைக்கும் என்கிறார்களே, கோவையில் பானிபூரி விற்பது யார் என்று கேட்டார் அப்போதைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி. நம்ம பக்கத்துத் திருக்கோவிலூர்த் தொகுதிக்காரர். மொழித் திணிப்பு பற்றிய வாதம் நியாயமானதுதான். மறுநாள் அந்த வாதம் யார் நினைவிலும் இல்லை, பானிபூரி மட்டும் டில்லி வரை போய்விட்டது. கட்சி பேதமில்லாமல் எல்லா இழுவையார்களும் அதை மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

"இது இனவெறி இல்லையாண்ணே?" என்று எங்கள் இழுவையாரிடம் ஒருநாள் கேட்டேன்.

"போய்யா. அது வெள்ளைக்காரன் கறுப்பு ஆளப் பண்றது. அவனும் இந்தியன், நானும் இந்தியன், இதுல எங்க வந்துச்சு இனம்? சும்மா தமாசு. சேர் போடுற பையனே சிரிக்கிறான் பாரு."

பையன் ஒடிசாக்காரன், பந்தல்காரரிடம் வேலை. ஊரே சிரிக்கும்போது அவனும் சிரிப்பான். தான் ஒருவன் மட்டும் சிரிக்காமல் நின்றால் எத்தனை தலை திரும்பும் என்று அவனுக்குத் தெரியும்.

1965-லேயே ஐ.நா. உடன்படிக்கை நிறத்தோடு நிற்காமல் வம்சாவளி, பிறந்த குழு எல்லாவற்றையும் இனப் பாகுபாட்டில் சேர்த்துவிட்டது என்றேன்.

"ஐ.நா.வுக்கு நம்ம வார்டுல எத்தன ஓட்டு?"

அப்புறம் பம்பாய்க் கதையைச் சொன்னேன். பால் தாக்கரே கேலிச்சித்திரம் போட்டுக்கொண்டிருந்தவர். 1960-ல் 'மார்மிக்' வார இதழ் தொடங்கினார். தென்னாட்டுக்காரர் பேச்சை 'யண்டுகுண்டு' என்று பழித்தார்கள், வேட்டியையும் லுங்கியையும் காட்டிச் சிரித்தார்கள். 1966-ல் சிவசேனை வந்தது. பிறகு கல் உடுப்பி ஓட்டல்கள் மேல் விழுந்தது. இழுவையாருக்குக் கண் சிவந்துவிட்டது. அவர் சித்தப்பா தாராவியில் இருந்தவராம். "தமிழன நக்கல் பண்ணவன் நாக்க..." என்று ஆரம்பித்தார். எதிரே மைக் இல்லாததால் முடிக்கவில்லை.

அவரிடம் முன்பு வேறொரு ஜோக் இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவன் செருப்பை வெளியே கழற்றிவைத்துவிட்டு பஸ்ஸில் ஏறிய கதை. கச்சிராயபாளையத்தில் அதற்குக் கிடைத்த கைதட்டல் தலைவருக்குக்கூடக் கிடைத்ததில்லை. மலையில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்கக்கூடாது, காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்களே சொல்லும் வழிவழிக் கதை. இப்போது மிளகு பறிக்கக் கேரளம் போய் 'பாண்டி' என்று பேச்சு வாங்குகிறவர்களும் அவர்களே. 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்த மலை. மலைக்காரர்கள் ஓட்டுப் போடத் தொடங்கியது அதற்கும் பிறகுதான். ஓட்டு வந்ததும் செருப்பு ஜோக் காணாமல் போயிற்று. இன்று வெள்ளிமலையில் மைக்கைப் பிடித்தால் 'என் மலைவாழ் சொந்தங்களே' என்று குரல் தழுதழுக்கிறது.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வடக்கத்தி ஆட்கள் பெயர் இங்கே ஏறிவிடுமோ என்று டீக்கடையெல்லாம் ஒரே பேச்சு. அந்தச் சமயத்தில் ஒரு கூட்டம். மூன்று சீட்டும் வந்தாயிற்று. இழுவையார் தொண்டையைச் செருமிக்கொண்டு "இந்த வடக்கன் இருக்கான் பாருங்க..." என்று தொடங்கியபோது நான்காவது சீட்டு வந்தது. 'அண்ணே, பந்தல் பையன் பட்டியல்ல பேர் சேர்க்கப் படிவம் 6 குடுத்திருக்கானாம்.'

தண்ணீர் கேட்டார். குடித்து முடித்ததும் எதிர்க்கட்சிக்காரரின் வழுக்கைக்கே திரும்பிப் போனார்.

கூட்டம் கலைந்தபின் கீழே இறங்கி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பையன் பக்கத்தில் வந்து நின்றான்.

"சாப்பிட்டியா தம்பி?"

"எந்திரிங்கண்ணே, சேர் அடுக்கணும்."

எழுந்தார். நாற்காலியைத் தானே தூக்கி அவன் கையில் கொடுத்தார்.

"பாகம் எண் எத்தன தம்பி?"