டிஸ்ப்ளே வரல

ஐம்பது வயதைத் தாண்டிய ஆள் ரிச்சி தெருவில் நுழைந்தால் கடைக்குக் கடை கேட்பது ஒரே கேள்விதான்: "சார், சிசிடிவி கேமராவா?" அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பியதுமே என்னைப் பிடித்துக்கொண்ட அந்தக் கேள்விக்கு என் மகள்தான் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். "இல்லண்ணா, மதர்போர்டு." அவ்வளவுதான், கடைக்காரர் என்னை விட்டுவிட்டு அவளிடம் பேச ஆரம்பித்துவிடுவார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடைக்கும். பில் போடும்போது மறுபடி என் முகம் அவர் ஞாபகத்துக்கு வரும்.

வீடியோ எடிட்டிங் செய்கிறவளுக்கு லேப்டாப் தாங்கவில்லையாம். டெஸ்க்டாப் வேண்டும், அதையும் தானே அசெம்பிள் செய்ய வேண்டும். கொஞ்சம் காசு சேர்த்துக் கொடுத்தால் கடையிலேயே மாட்டி, ஓட்டிக் காட்டி, அட்டைப்பெட்டியில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். "அதுல என்னப்பா இருக்கு?" என்றாள். நிம்மதி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கார்டைத் தேய்த்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். செல்போன் டார்ச்சைப் பிடிப்பதும், கீழே உருளும் திருகாணிகளைப் பொறுக்குவதும் என் இலாகா. பிராசஸரை அதன் குழியில் வைத்து லீவரை அழுத்துகிற கட்டம் இருக்கிறதே, இதயம் பலவீனமானவர்கள் பார்க்கக்கூடாது. குழிக்குள் 1718 பொடிப்பொடி ஊசிகள். ஒன்று வளைந்தாலும் வாரண்டி கிடையாது என்று கடையில் சொல்லியே அனுப்பியிருந்தார்கள். அதன்மேல் விலை உயர்ந்த சில்லை வைத்து, கை வலிக்க அழுத்த வேண்டும். அப்பளத்தை உள்ளங்கையில் நொறுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். டார்ச் ஆடியதற்குத் திட்டு விழுந்தது. சத்தம் வந்தால்தான் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தமாம்.

மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. பட்டனை அமுக்கினாள். ஃபேன்கள் சுற்றின. கேபினட்டுக்குள் ஊதா, பச்சை, சிவப்பு என்று விளக்குகள் ஓடிப் பிடித்து விளையாடின. மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்' என்ற எழுத்துகள் கொஞ்ச நேரம் உலாத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டன. மகள் அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே.

செத்த கம்ப்யூட்டர் சத்தம் போடாமல் செத்துக் கிடந்தால் பரவாயில்லை. எல்லாம் ஜோராக ஓடிக்கொண்டே டிஸ்ப்ளே வராமல் இருப்பதுதான் வயிற்றைக் கலக்கும்.

போர்டின் ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள் உண்டு. சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பக்கத்தில் எழுதியிருக்கும். வேலை எங்கே நிற்கிறதோ அந்த விளக்கு எரியும். எங்களுக்கு எரிந்தது டிராம், மஞ்சளில். அதாவது ராம். மகள் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் என் மனைவி அவள் தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள்.

மச்சான் 2001-இல் பிரவுசிங் சென்டர் நடத்தியவர். வரும்போதே சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவரும் ஒரு அழிரப்பரும் இருந்தன. ராமைக் கழட்டு, தங்கநிறப் பல்வரிசையை ரப்பரால் தேய், வாயால் ஊது, திரும்ப மாட்டு: நம்மூர் சர்வீஸ் மெக்கானிக்குகள் கைவிடாத வைத்தியம் இது. கேலி செய்வதற்கில்லை. வருஷக்கணக்கில் ஓடிய மெஷினில் அந்தத் தகடு கறுத்துப்போகும், தேய்த்தால் நிஜமாகவே உயிர் வரும். ஆனால் முந்தாநாள் வாங்கி அன்றுதான் உறை பிரித்த ராமில் தேய்க்க என்ன இருக்கிறது? "மாமா, புதுசு மாமா" என்றாள் மகள். "புதுசுலதான் பிசுக்கு இருக்கும்" என்று தேய்த்தார். மாட்டிவிட்டு, தலையைச் சாய்த்துப் பீப் சத்தத்துக்காகக் காத்திருந்தார். ஒரு பீப் என்றால் சுகம், விடாமல் கத்தினால் ராம் கோளாறு என்பது அவர் காலத்துப் பாடம். இப்போது வரும் பல போர்டுகளில் ஸ்பீக்கரே கிடையாது. அது தெரியாமல் வீட்டில் எல்லோரையும் மூச்சுவிடக்கூடாது என்று அடக்கி வைத்திருந்தார். பிறகு தானே அணைத்துவிட்டு ராமை வேறு ஸ்லாட்டில் மாட்டினார்.

அதற்குள் மாடி வீட்டிலிருந்து இ.பி.யில் ரிட்டயரான சார் வந்துவிட்டார். அவருக்குப் போர்டு, ராம் எதிலும் நம்பிக்கை இல்லை, எர்த்தில் மட்டும்தான் நம்பிக்கை. பிளக்கை வேறு பாயிண்டில் மாற்றச் சொன்னார். எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் சேர்த்தால் சப்ளை உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும் என்றார். அது சரியான சோதனைதான். ஆனால் ஃபேன் எல்லாம் கண்ணெதிரே சுற்றும்போது அது எதற்கு என்று மகள் கேட்டாள். "எதுக்கும் பாத்துக்கறது நல்லதும்மா" என்றார்.

கடைசி அஸ்திரமாக மச்சான் போர்டிலிருந்த வட்ட பேட்டரியைக் கழட்டினார். சிஆர்2032, அதாவது 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், பெயரிலேயே அளவு இருக்கிறது. அதைக் கழட்டி வைத்தால் போர்டு தன் நினைவில் இருப்பதையெல்லாம் மறந்து முதலிலிருந்து தொடங்கும். மாட்டினார்கள், போட்டார்கள். மஞ்சள் விளக்கு. மச்சானின் விரல் மறுபடி பட்டனுக்குப் போனது.

அப்போதுதான் என் அம்மா தூங்கி எழுந்து வந்தாள். "எத்தன மணிக்குடா ஆரம்பிச்சீங்க?"

"போட்டுப் பாக்கறப்ப நாலரை இருக்கும்மா."

"ஞாயித்துக்கெழம நாலரை ஆறு ராகு காலம். ஒருத்தருக்கும் தெரியலயா? தம்பி, கைய எடுங்க. ஆறு மணி வரைக்கும் அத யாரும் தொடக்கூடாது."

மருமகளின் தம்பியானாலும் அம்மாவின் குரலுக்குக் கையை எடுத்துத்தான் ஆகவேண்டும். எல்லோரும் பஜ்ஜிக்கு எழுந்து போனோம். அணைக்கக்கூட யாரையும் விடவில்லை என்பதால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

மகள் ஒரு கையில் பஜ்ஜியும் மறு கையில் போர்டோடு வந்த கையேடுமாக நின்றாள். திடீரென்று மெல்லுவதை நிறுத்தினாள். டிடிஆர்5 ராமுக்கு முதல் தடவை டிரெயினிங் நடக்குமாம். ஒரு நொடிக்கு ஐந்நூறு, அறுநூறு கோடி தடவை ஒவ்வொரு கம்பியிலும் தகவல் ஓடும் வேகம் அது. எந்தக் கம்பியில் வருவது ஒரு துளி முந்துகிறது, எது பிந்துகிறது என்று பிராசஸர் ஒவ்வொன்றாகச் சோதித்து நேரத்தைச் சரிக்கட்டிக் குறித்துக்கொள்ளும். அவள் வாங்கியது 64 ஜிபி. அதற்குச் சில நிமிஷம் பிடிக்கும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும், மஞ்சள் விளக்கு எரியும். 2022-இல் இந்த வகை போர்டு வந்த புதிதில் சிலவற்றில் ராம் ஸ்லாட்டின் மேலேயே காத்திருக்க வேண்டிய நேரத்தை அச்சடித்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்.

நாங்கள் செய்த வைத்தியங்களை அப்போது நினைத்துப் பார்த்தேன். அணைத்தால் டிரெயினிங் பாதியில் அறுந்துவிடும். ராமை இடம் மாற்றினால் மறுபடி அரிச்சுவடியிலிருந்து. பேட்டரியைக் கழட்டினால் கற்றது இருந்தாலும் அதுவும் போச்சு. படிக்க உட்கார்ந்த பிள்ளையை நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுப்பி, ஏன் இன்னும் பாஸாகவில்லை என்று ஒரு குடும்பமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

ஹாலில் வெளிச்சம் அடித்தது. புது பிராசஸர் தெரிகிறது, செட்டிங்குக்குள் போக எஃப்1 அமுக்கு என்று திரையில் வந்திருந்தது. மணி ஆறாகவில்லை.

பேட்டரியைக் கழட்டினதுதான் காரணம் என்றார் மச்சான். பாயிண்ட் மாற்றியதை யாரும் சொல்லவில்லையே என்று இ.பி. சார் முகம் வாடியது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். மூலையில் 2022 ஜனவரி 1 என்று காட்டிக்கொண்டிருந்தது.

"தேதியே தப்பா இருக்கே. அகால வேளையில ஆரம்பிச்சா இப்படித்தான்."

விண்டோஸ் இன்னும் போட வேண்டும் பாட்டி, அப்போது சரியாகிவிடும் என்றாள் மகள். "அத இன்னிக்குத் தொடாத. நாளைக்குக் காலைல ஏழரை ஒம்பது ராகு காலம், அது கழிஞ்சதும் போடு" என்றாள் அம்மா. ராகு காலம் என்ற பேச்சை எடுத்தாலே சிரிக்கிற என் மகள், செல்போனை எடுத்து ஒன்பது மணிக்கு அலாரம் வைத்தாள்.