வளர்ந்த பிள்ளையைப் பெற்ற மகராசர்களுக்கு

ஐரோப்பாவில் சின்னக் கார்களைப் பெற்று, ஊட்டி, ஆளாக்கிவிடும் நிறுவனத் தலைவர்கள் சமூகத்துக்குக் கொலோன் நகரவாசி ஒருவன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

நேற்று என் புதுக் காரிலிருந்து டிக்கி வழியாக இறங்கினேன். எழுபதுகளில் கட்டிய அடுக்குமாடி எங்களுடையது. தரையடிப் பார்க்கிங்கில் இரண்டு தூண்களுக்கு நடுவே வண்டியைச் செருகிய பிறகு பார்த்தால், கதவு ஒரு சாண்தான் திறக்கிறது. பின்சீட்டை மடக்கி, சட்டை மேலேறித் தொப்பை தெரிய, முதலில் காலை விடுவதா தலையை விடுவதா என்று திண்டாடிக்கொண்டிருந்தபோது மேல்வீட்டு அம்மையார் நாயோடு வந்து நின்றார். நாய்கூடக் குரைக்கவில்லை. “எஸ்யூவி வாங்கிட்டீங்களா?” என்று கேட்டார். “இல்லைங்க, சின்னக் கார்தான்” என்றேன், ஒரு கால் இன்னும் உள்ளே இருக்க.

உங்களைக் குறை சொல்ல வரவில்லை. பிள்ளை வளர்வது பெற்றவர்களுக்குப் பெருமைதானே! 1975இல் போலோ பிறந்தபோது மூன்றரை மீட்டர். இன்று நான்கு மீட்டரைத் தாண்டிவிட்டது. அதன் அண்ணன் கோல்ஃப்கூட 1974இல் பிறந்தபோது 3.7 மீட்டர்தான். 1959இல் 3.05 மீட்டர் இருந்த மினி இப்போது மூன்று கதவு வடிவத்திலேயே 3.8 மீட்டருக்கு மேல். ஆறடி மாமாவை இன்னும் ‘குட்டி’ என்று கூப்பிடும் வீடுகள் உண்டுதானே. பக்கவாட்டிலும் நல்ல போஷாக்கு. ஐரோப்பாவின் புதுக் கார்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் அகலமாகின்றன என்று ‘டிரான்ஸ்போர்ட் அண்ட் என்விரான்மென்ட்’ அமைப்பு 2024இல் கணக்குச் சொன்னது. கண்ணேறு படப்போகிறது, சுற்றிப் போடுங்கள். எங்கள் பார்க்கிங் தூண்களுக்குத்தான் விவரம் போதாது, ஐம்பது வருஷமாக நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

வளராத பிள்ளைகளை என்ன செய்தீர்கள் என்பதும் ஊருக்குத் தெரியும். 2011இல் ஜெர்மனியில் 9,850 யூரோவுக்கு வந்த ‘அப்’ என்ற குட்டிக் கார் 2023இல் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் எங்கள் ஊர்த் தொழிற்சாலையிலேயே கடைசி ஃபியஸ்டாவை வழியனுப்பினார்கள். அங்கே இப்போது ஏறக்குறைய நாலரை மீட்டர் நீள எக்ஸ்ப்ளோரர் தவழ்கிறது.

சட்டம்தான் காரணம் என்கிறீர்கள். தானியங்கி பிரேக், வேக எச்சரிக்கை, தூக்க எச்சரிக்கை என்று 2024 ஜூலை முதல் எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயம். அதற்குச் செலவாகும், சரி. புடைத்த தோளும் டிவி அளவுத் திரையும் எந்தச் சட்டத்தில் இருக்கின்றன? சின்ன வண்டியில் லாபம் சின்னது, அதனால் நிறுத்தினீர்கள். விடிகாலை ஷிஃப்ட்டுக்கு, பஸ் ஓடாத கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தரை துடைக்கப் போகிறவள் உங்களிடம் திரையா கேட்டாள்? மழையில் நனையாமல் போய்வர நாலு சக்கரம் கேட்டாள். அதைக்கூடச் செய்து கொடுக்க மனசில்லாத நீங்கள் ‘மக்கள் கார்’ என்று விளம்பரம் போட வெட்கப்பட வேண்டாமா?

மன்னிக்கணும். நல்ல வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது குரல் உயரக் கூடாது.

ஜப்பான்காரர்களுக்குத்தான் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை. அவர்களுடைய ‘கெய்’ கார் 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாதென்று சட்டம் போட்டு வளர்ச்சியையே முடக்கிவிட்டார்கள். நம் ஐரோப்பிய ஆணையம் தாயுள்ளம் கொண்டது. 4.2 மீட்டர் வரையுள்ள மின்சாரக் கார்களைச் ‘சிறியவை’ என்று தனி வகையாக்கிச் சலுகை தரலாம் என்று 2025 டிசம்பரில் முன்மொழிந்திருக்கிறது. மீசை அரும்பிய பையனை மடியில் உட்காரவைத்து அரை டிக்கெட் கேட்கும் அம்மாக்களை நான் பிறந்த ஊர்ப்பக்கத்து டவுன் பஸ்களில் பார்த்திருக்கிறேன். கண்டக்டர் ஏற இறங்கப் பார்ப்பார், பையன் வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். இங்கே கண்டக்டரே கூப்பிட்டு அரை டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுக்கிறார். பையன் நெஞ்சை நிமிர்த்தி இரண்டு சீட்டில் உட்கார்ந்துகொள்கிறான்.

அரை டிக்கெட் பிள்ளைக்கு விலையிலும் பாதி குறையுமா என்று ஷோரூமில் விசாரித்தேன். மெட்டாலிக் பெயின்ட்டுக்குத் தனியாகக் கட்டணும் என்றார்கள்.

இப்படிக்கு,
தங்கள் பிள்ளைக்கு மாதத் தவணை கட்டி வரும் தாய்மாமன்