பைபாஸுக்குப் பின் மன உறுதி: சில எளிய வழிகள்

பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவருக்கு முதல் தேவை மன உறுதி. டாக்டர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். மாத்திரைச் சீட்டோடு நிறுத்தியிருப்பார். எடுத்துச் சொல்லத்தான் சொந்தபந்தம் இருக்கிறதே. ஆகவே கட்டிலைக் கூடத்தில், வாசலைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

வருகிறவரின் முதல் கேள்வி, "எத்தனை பிளாக்?" நீங்கள் மூன்று என்றால் அவர் மச்சானுக்கு நான்கு. உடனே தோல்வியை ஒப்புக்கொண்டுவிடுங்கள். அந்த மச்சான் மூன்றாம் மாதமே சபரிமலை ஏறிய கதை எப்படியும் வரும். கேட்கிற உங்களுக்கு மூச்சு வாங்கினாலும் காட்டிக்கொள்ளக் கூடாது. கடைசியில் "மனசைத் தளர விடாதீங்க" என்று சொல்லிவிட்டு, இன்சூரன்ஸ்காரன் எவ்வளவு கொடுத்தான் என்று விசாரிப்பார். 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸைச் செய்தார். அதற்குப் பிறகு ஆபரேஷன் எவ்வளவோ முன்னேறிவிட்டது. நலம் விசாரிப்புதான் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அடுத்து, அழுகை. காரணமில்லாமல் வரும்; சோப்பு விளம்பரத்துக்குக்கூட வரும். நாலு பேர் முன்னால் அழுதால் "இவரா இப்படி!" என்பார்கள். பாத்ரூமில் அழலாம். ஆனால் தாழ்ப்பாள் போடக் கூடாதென்று உத்தரவு. அதனால் குழாயைத் திறந்துவிட்டு அழுங்கள்.

தும்மலும் இருமலும் வரும்போது வேதாந்தம் உதவாது, தலையணைதான் உதவும். நடு நெஞ்செலும்பை அறுத்து எஃகுக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அது கூடிவர இரண்டு மூன்று மாதமாகும். அதுவரை தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். கையை ஊன்றி எழக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. பைபாஸுக்காக ரத்தக்குழாய் எடுத்த கால் சிலருக்கு நெஞ்சைவிட அதிகமாகத் தொல்லை தரும். இதயத்தையே திறந்து காட்டிவிட்டு வந்தவர் கால் அரிக்கிறது என்று புலம்பலாமா? தாராளமாகப் புலம்பலாம். வலி மாத்திரை கொண்டுவரும் மலச்சிக்கலைப் பற்றித் தன்னம்பிக்கை நூல் எதிலும் ஓர் அத்தியாயம் பார்த்ததில்லை. முக்கவும் கூடாது. அந்த வாரத்து ஞானம் முழுவதும் டாக்டர் எழுதித் தரும் இசப்கோலில் இருக்கிறது.

பிறகு, மூச்சுப் பயிற்சிக்கென்று ஆஸ்பத்திரியில் தரும் அந்த மூன்று பந்துக் கருவி. 600, 900, 1200 என்று எண் போட்டிருக்கும். பலரும் முதல் நாள் அதை ஊதித் தொலைக்கிறார்கள். மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். இழுத்தால் பந்து எழும், நுரையீரல் விரியும், சளி சேராது. எரிச்சலோடு இழுத்தாலும் எழும், கடவுளைத் திட்டிக்கொண்டு இழுத்தாலும் எழும். வராந்தாவில் நடப்பதும் அப்படித்தான்: நேற்று கதவு வரை, இன்று மாடிப்படி வரை. மன உறுதி வந்த பிறகு நடக்கலாமென்று காத்திருப்பவருக்குச் சளிதான் கட்டும். இரண்டாவது பந்து எழுந்த அன்று வந்தவர்களிடம் சொல்லிப் பாருங்கள், ஒருவரும் மெச்ச மாட்டார். ஃபிசியோதெரபிஸ்ட் மெச்சுவார், அது போதும்.

மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்தால், மறுபரிசோதனைக்குப் போகும்போது அதையும் சொல்லுங்கள். பைபாஸ் ஆனவர்களில் பலருக்கு வருவதுதான், வைத்தியமும் உண்டு. இ.சி.ஜி.யில் அது தெரியாது. நீங்கள்தான் வாயைத் திறக்க வேண்டும்.