7,39,39,133 என்னும் எண்ணின் கடைக்குறை இலக்கணம்

ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று என்னும் எண்ணின் இயல்பு ஈண்டு ஆராயப்படும். இதனால் உலகுக்கு விளையும் பயன் யாதெனின், யாதுமில்லை என்க. பயனுள்ள ஆய்வுகளைப் பார்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகங்கள் உள.

இது பகா எண். அது ஒரு பெருமையன்று; பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று யூக்ளிட் அன்றே நிறுவிவிட்டார். இதன் பெருமை குறைபடும்போதுதான் புலப்படும். கடைசி இலக்கத்தை நீக்குக: 7393913, பகா எண். மீண்டும் நீக்குக: 739391, அதுவும் பகா எண். பின்னர் 73939, 7393, 739, 73, 7 என ஒற்றை ஏழாய்ச் சுருங்கும்வரை ஒன்றும் வகுபடாது. இவ்வாறு கடைக்குறை தாங்கும் எண்கள் 83 மட்டுமே. அவற்றுள் மிகப்பெரியது இஃதே.

அஃதேல், வலப்புறம் இன்னோர் இலக்கம் ஒட்டி இதனினும் பெரியதொன்று ஆக்கலாகாதோ எனின், ஆகாது. இரட்டை இலக்கத்தை ஒட்டினால் 2 வகுக்கும். 5-ஐ ஒட்டினால் 5 வகுக்கும். எஞ்சுவன 1, 3, 7, 9. இவற்றுள் 1, 7 இரண்டும் நுட்பமாகக் கெடுப்பவை. நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 38. அதனோடு 1 சேர்ந்தால் 39, 7 சேர்ந்தால் 45. இரண்டும் மூன்றின் மடங்கு, எனவே எண்ணும் மூன்றால் வகுபடும். ஏழில் தொடங்கும் பரம்பரைக்கு அதன்பின் 1 அல்லது 7 ஒரே ஒருமுறைதான் அனுமதி. அந்த ஒரு வாய்ப்பை இவ்வெண் ஆறாம் இடத்து 1-இல் செலவழித்துவிட்டது. மிஞ்சிய 3, 9 இரண்டும் ஒட்டாமற்போவதற்கு இத்தனை அழகான காரணமில்லை. உட்கார்ந்து வகுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

மேலைநாட்டார் 73,939,133 எனக் காற்புள்ளியிட்டு நடுவிலுள்ள இரட்டையரைப் பிரித்துவிட்டனர். நம் கோடி, லட்சக் கணக்கில்தான் 39-உம் 39-உம் அடுத்தடுத்து அமர்ந்திருப்பது தெரியும். 39 என்பது 3 × 13. 133 என்பது 7 × 19. தனித்தனியே இப்படிப் பிளவுபடுகிறவை, மூத்த ஏழின் பின்னே வரிசையில் நின்றதும் எவருக்கும் வகுபட மறுக்கின்றன. அந்த ஏழை எடுத்துவிட்டால் எஞ்சுவது 39,39,133. அது 11 × 3,58,103. பெரியவர் போன மறுநாளே பாகப்பிரிவினை. அதுவும் பதினொரு பங்கு!

எனவே இவ்வெண் தலைக்குறை தாங்காது என்பது பெறப்படும். அதைத் தாங்குவன வேறு குலம். இடப்பக்கம் சுழி தவிர எந்த இலக்கமும் வந்து ஒட்டலாமாதலால் அக்குலம் பெருத்து, 24 இலக்கம்வரை வளர்ந்துவிட்டது. இருபுறக் குறைவையும் தாங்குவனவற்றுள் பெரியது 7,39,397. அது நம் எண்ணின் பங்காளி: 73939 வரை இருவர்க்கும் வழி ஒன்றே. ஆறாம் இடத்தில் இது 1-ஐ எடுத்து நீளம் பெற்றது. அது 7-ஐ எடுத்து இருபுறமும் காப்புப் பெற்று, அங்கேயே நின்றது. இவ்விரண்டில் எது சிறந்தது என்பதில் உரைகாரர்கள் மாறுபடுவர். அவர்கள் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.