புளிச்சக்கையின் வேதியியலும் நேரச் சேமிப்புக் கோட்பாடும்

பித்தளைக் குத்துவிளக்கு துலக்குவோர், தொட்டி கழுவுவோர் ஆகியோரிடையே இரு மரபுகள் நிலவுகின்றன.

மூத்தது சக்கை மரபு. வியாழக்கிழமை ரசத்துக்குக் கரைத்த புளியின் சக்கையை எறியாமல் ஒரு கிண்ணத்தில் ஒதுக்கி, சாயங்காலம் கொஞ்சம் கல்லுப்புச் சேர்த்து, வெள்ளிக்கிழமை விளக்கைத் தேய்ப்பது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பு ஆக்சைடைக் கரைப்பதால் கருமை போய் மஞ்சள் தெரிகிறது. உப்பும் நாரும் தேய்ப்பதற்குத் துணை. இதே அமிலம் செம்பைக் குழம்புக்குள் இறக்கிவிடும் என்பதால்தான் பித்தளைப் பாத்திரங்களுக்கு உள்ளே வெள்ளீயம் பூசினார்கள். வீட்டுக்குள் விடாத ஆளை வாசல் பெருக்க வைத்துக்கொண்ட கதை.

இளையது நுரை மரபு. தொட்டியில் சமையல் சோடாவைத் தூவி அதன்மேல் வினிகரை ஊற்றுவார்கள். புஸ்ஸென்று பொங்கும். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. எஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர். தனியாக விட்டிருந்தால் சோடா எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும், வினிகர் போர் தண்ணீர்க் குழாயில் படிந்த வெள்ளைச் சுண்ணாம்பைக் கரைத்திருக்கும். சேர்த்துவிட்டதில் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிட்டன. ஆனாலும் பொங்குகிறவரை பார்ப்பவர் மனம் சுத்தமாகிறது என்பதை மறுப்பதற்கில்லை. (வினிகரோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கும் துணைமரபு ஒன்றும் உண்டு. அதில் கிளம்புவது குளோரின் வாயு. ஆய்வாளர் விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறார்: வேண்டாம்.)

இனி நேரக் கணக்கு. துப்புரவுக்கான மொத்த நேரம் என்பது தேய்க்கும் நேரம், பொருளைத் தேடும் நேரம், "அதை எதுக்கு எடுத்தே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் நேரம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை. குறுக்குவழிகள் யாவும் முதல் உறுப்பை மட்டுமே குறைக்கின்றன. ஊறுகாய்க்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தால் குழாயைத் தேய்த்தவருக்கு மூன்றாவது உறுப்பு முடிவிலியை நோக்கிச் செல்லும். சக்கைக்கு உரிமை கோருவார் யாருமில்லை. அங்கே அது பூஜ்யம். சக்கை மரபு இத்தனை காலம் நின்றதற்கு அமிலத்தைவிட இதுவே காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

பற்பசை வழக்கு சற்றே சிக்கலானது. வெள்ளிச் சாமான் கறுப்பது வெள்ளி சல்பைடால். பற்பசையிலுள்ள நுண்துகள்கள் அதைச் சுரண்டி எடுக்கின்றன, கூடவே கொஞ்சம் வெள்ளியையும். விபூதியும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் விபூதி தீர்ந்தால் அன்று யாரும் பல் துலக்காமல் நிற்பதில்லை. மறுநாள் காலை குங்குமச்சிமிழ் பளபளக்கிறது. குடும்பத் தலைவர் ஒட்டிப்போன பேஸ்ட் டியூபைச் சப்பாத்திக் கட்டையால் உருட்டிக்கொண்டிருக்கிறார். சப்பாத்திக் கட்டையை யார் எடுத்தது என்ற விசாரணை அடுக்களையில் தொடங்கிவிட்டது.